உறைந்த குளமும் உறங்கும் உயிர்களும்



கி.பி. 1684 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இலண்டன் மாநகரின் தேம்ஸ் ஆறு கரையோடு கரை இறுகிக் கிடந்தது. ஆற்றின்மேல் கடைவீதிகள் எழுந்தன. குதிரை வண்டிகள் ஓடின. அச்சுப்பொறி ஒன்றை அங்கே நிறுவி, விரும்பியவர் பெயரை அச்சிட்டுக் கொடுத்துக் காசு பெற்றனர். இக்காட்சிகளை நாட்குறிப்பில் பொறித்து வைத்தவர் ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர். தேம்ஸ் கரையிலே, டெட்ஃபோர்டு என்னும் ஊரில், அருமையாகத் தோட்டம் வளர்த்தவர் அவர். திருவிழாவைப் பற்றி எழுதிய அதே நாளில், பறவைகளும் மீன்களும் அயல்நாட்டுச் செடிகளும் எங்கும் மடிகின்றன என்றும் அவர் வருந்தி எழுதினார்.

பனி நீங்கி வசந்தம் வந்தது. தம் தோட்டத்தின் சேதத்தைக் கணக்கெடுத்து, அவ்வாண்டு ஏப்ரலில் இராயல் சொஸைட்டி என்னும் அறிவியற் கழகத்திற்கு ஈவ்லின் ஒரு கடிதம் விடுத்தார். செடிகள் பல பட்டுப்போயின. ஆண்டுதோறும் மண்ணுள் புதைந்து உறங்கிப் பல குளிர்காலங்களைக் கடந்த அவருடைய ஆமையும் இறந்து கிடந்தது. வழக்கமான ஆழத்திற்கு அது தோண்டிச் செல்ல முடியாதபடி ஒரு திராட்சைக் கொடியின் வேர் குறுக்கிட்டதே காரணம் என்று அவர் கண்டார். ஆனால் மீன்களுள் தாம் இழந்தவை மிகச் சிலவே என்றும் அக்கடிதத்தில் குறித்தார். ஜனவரியில் அஞ்சிய அழிவு, ஏப்ரலில் எண்ணிப் பார்த்தபோது அவ்வளவாக இல்லை.

ஆமை மாண்டது; மீன் பிழைத்தது. இவ்வேறுபாட்டின் விளக்கம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே கிட்டிற்று. எடின்பரோவில் இரசாயனப் பேராசிரியராக விளங்கிய தாமஸ் சார்லஸ் ஹோப் என்பவர், உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை நிரப்பி, மேலும் கீழும் வெப்பமானிகளைப் பொருத்திச் சோதனை செய்து, அதன் முடிவை 1805 இல் வெளியிட்டார். குளிரக் குளிர நீர் சுருங்கிக் கனக்கிறது. ஆனால் ஏறத்தாழ 4 டிகிரி சென்டிகிரேடு வந்ததும் அந்த இயல்பு மாறிவிடுகிறது. அதற்கு மேலும் குளிர்ந்தால் நீர் விரிந்து இலேசாகி மேலே எழுகிறது. ஆகவே உறைவது மேல்நீரே. போதிய ஆழமுள்ள குளத்தின் அடியில் 4 டிகிரியை ஒட்டிய நீர் உறையாமல் தங்குகிறது. மேலே படர்ந்த பனிக்கட்டி கீழுள்ள நீரைக் குளிர்காற்றிலிருந்து காக்கும் போர்வையும் ஆகிறது. ஆழம் கிட்டிய மீன் பிழைத்தது. ஆழம் மறுக்கப்பட்ட ஆமை மாண்டது.

அப்படியானால் உறைந்த குளத்தில் தீங்கே இல்லையா? உண்டு. அது பெரும்பாலும் குளிரால் வருவதன்று. மூச்சு முட்டுவதால் வருவது. குளிர்நீரில் அசையாது கிடக்கும் தவளை, தன் தோலின் வழியாகவே பிராணவாயுவைப் பெறுகிறது. குளத்தடியில் அழுகும் இலைகளோ அவ்வாயுவைத் தின்று தீர்க்கின்றன. தெளிந்த பனிக்கட்டியின் ஊடே வெளிச்சம் இறங்கினால் நீர்ச்செடிகள் சிறிதளவேனும் பிராணவாயுவை ஈனும். கட்டியின்மேல் வெண்பனி கொட்டி மூடிவிட்டால் அந்த வெளிச்சமும் அற்றுப்போகும்.

இங்கிலாந்தில் 1962 டிசம்பர் 26 ஆம் நாள் தொடங்கிய பனிப்பொழிவைத் தொடர்ந்து, 1963 மார்ச்சுத் தொடக்கம் வரை நாடு வெண்மையில் ஆழ்ந்தது. 1740 க்குப் பின் அத்தகைய குளிர்காலம் அங்கு வந்ததில்லை. மீன்கொத்திகள் பெருந்தொகையாக மடிந்தன. அதே காலப்பகுதியில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்துவந்தது. குழாய்நீர் வந்தது, உழவுக் குதிரை போய் டிராக்டர் வந்தது, கால்நடைக்கு நீரூட்டிய சிற்றூர்க் குளங்கள் ஒவ்வொன்றாகத் தூர்க்கப்பட்டன. இடமிழந்த தவளைக்கு வீட்டுத் தோட்டத்துக் குளமே புகலிடமாயிற்று. பொழுதுபோக்காக வெட்டிய சிறுகுளம், ஓர் இனத்தைத் தாங்கும் பொறுப்பை ஏற்றது.

அப்பொறுப்பை நான் உணர்ந்தது ஒரு பிழையின் வாயிலாக. 2010 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். அவ்வாண்டின் டிசம்பர், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்நாடு கண்டிராத கடுங்குளிர் பொருந்தியது. பின்கட்டில் ஒரு குளம் இருந்தது. உறைந்த குளத்தைக் கண்டறியாத நான், உள்ளிருக்கும் தவளைகள் மாண்டுபோகுமே என்று பதறி, மண்வெட்டியால் கட்டியை ஓங்கி அடித்தேன். ஓசை கேட்டு வீட்டுக்கார மூதாட்டியார் விரைந்து வந்தார். "உறங்குகிறவர்களை ஏன் எழுப்புகிறீர்கள்? துடைப்பம் எடுத்து மேலே கிடக்கும் பனியை மட்டும் பெருக்கிவிடுங்கள்" என்றார். அடியின் அதிர்ச்சி நீருக்குள் பரவி உயிர்களைத் தாக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

பனி உருகியபின் ஏழு தவளைகள் மிதந்தன. என் அடியால் அவை இறந்தனவோ என்று கலங்கினேன். மூதாட்டியார் என்னைக் கடியவில்லை. நீண்ட கரண்டியால் குளத்தடியைத் துழாவி ஒரு பிடி கரிய இலைச்சேற்றை அள்ளிக் காட்டினார். அழுகல் நாற்றம் வீசியது. அக்டோபரில் உதிர்ந்த இலைகளை அள்ளிவிடுவதாக ஒப்புக்கொண்டு, சோம்பலால் விட்டவன் நான்தான். செய்ய வேண்டிய காலத்தில் செய்யாததை, செய்யக்கூடாத காலத்தில் ஈடுசெய்ய முனைந்திருக்கிறேன்!

அக்குளிர்காலங்களை ஒட்டி அந்நாட்டுக் குளப் பாதுகாவலர்கள் பொதுமக்களின் துணையோடு தோட்டக் குளங்களை ஆராய்ந்தனர். பனிக்கட்டியில் துளையிடுவதால் நீரிலுள்ள பிராணவாயு பெரிதும் கூடுவதில்லை என்பதே அவர்கள் கண்டது. ஆதலால் இலையுதிர் காலத்திலேயே இலைகளை அகற்றுவதும், குளத்தில் ஓரிடமேனும் ஆழமாக இருக்கச் செய்வதும், பனி விழுந்தால் கரையில் நின்றபடியே அதைப் பெருக்கி ஒளிக்கு வழிவிடுவதும் சிறந்த காப்புகள். மீன் வளர்ப்போர் துளை ஒன்று வேண்டுமென்று கருதினால், வெந்நீர்ப் பாத்திரத்தைக் கட்டியின்மேல் மெல்ல வைத்து உருக்கலாம்; அடித்து உடைத்தல் ஆகாது. உப்பைக் கொட்டுதலும் கேடு.

மார்ச்சுத் திங்களில் ஒருநாள் காலை, மூதாட்டியார் என்னைக் குளக்கரைக்கு அழைத்தார். ஆழமில்லா ஓரத்திலே, கருமணிகள் பதித்த பளிங்குக் கூழ்போல் தவளை முட்டைத் திரள்கள் மிதந்தன. எண்ணினேன், நான்கு இருந்தன. முந்தின ஆண்டு பதினொன்று இருந்ததாக அவர் சொன்னார். ஈவ்லினைப் போல நானும் வசந்தத்தில் கணக்கெடுத்தேன். குறைந்த ஏழும் என் பெயரில் நின்றன. அவ்வாண்டு அக்டோபரில், முதல் இலை உதிர்ந்த அன்றே நான் வலையோடு குளக்கரையில் நின்றேன்.