முடக்குவாத மருந்தும் மரபணுக் கணக்கும்



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்த ஒரு மாலையில், மாணவி ஒருத்தியின் பாட்டி தம் விரல்களை என்னிடம் காட்டினார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகள். கணுக்கள் வீங்கி, வருகைப் பதிவில் கையொப்பமிடவும் இயலவில்லை. "பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஒரே மாத்திரைதான் வாத்தியாரையா. அவளுக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கலையே?" என்றார்.

மலைக்குளிரின் வேலை என்பார்கள். குளிர் வலியைக் கூட்டலாம். முடக்குவாதமோ உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது.

அம்மாத்திரை மெத்தோடிரெக்சேட். அதன் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமில ஆய்வை வழிநடத்தினார். அவ்வமிலத்தின் உருவை ஒத்து அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகள் அங்கே பிறந்தன. 1947-இன் இறுதியில் சிட்னி ஃபார்பர் அவற்றுள் ஒன்றைக் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1951-இல் கப்னர் குழுவினர் மூட்டுநோயாளிகளிடம் பயன் கண்டனர். ஆயினும் கார்ட்டிசோன் மோகத்தில் அது மறக்கப்பட்டது. முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது 1988-இல்தான்! சுப்பாராவ் 1948-இலேயே மறைந்துவிட்டார். நம் பாடநூல்களில் அவர் பெயரைத் தேடித்தான் காண வேண்டும்.

மரபணுவுக்கு வருவோம். 2005 முதல் 2009 வரை, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகமும் இணைந்து 'மை எய்ரா' ஆய்வுக்கு மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினத்தாரையும் சேர்த்தன. குறிப்பிட்ட எச்.எல்.ஏ. மரபணு வகையோடு புகைப்பழக்கமும் சேரும்போது, ஒருவகை முடக்குவாதத்தின் வாய்ப்பு மிகுவது தெரிந்தது.

ஆனால் நோய் யாருக்கு வரும் என்பது வேறு; மருந்து யாருக்குக் கேட்கும் என்பது வேறு. பாட்டியின் கேள்வி இரண்டாவது. அதைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் தென்னிந்தியத் தமிழ் நோயாளிகளிடமே ஆராய்ந்துள்ளனர். மருந்தை உயிரணுவுக்குள் ஏற்றிச் செல்லும் புரதத்தின் மரபணுவில் ஓரெழுத்து மாறினால் பலனும் மாறுமா? நியாயமான ஐயம்தான். தொடர்பில்லை என்றது கணக்கு. 2016-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, ஏ.டி.ஐ.சி. மரபணு மாற்றத்துக்கும் பக்கவிளைவுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றது.

அதே 2016-இல் ஒரு பன்னாட்டுப் போட்டியின் முடிவும் வந்தது. வேறுவகை ஊசி மருந்துகளின் பலனை முன்கணிக்க, பல ஆய்வுக் குழுக்கள் ஒரே தரவில் போட்டியிட்டன. வயது, பால், நோயின் கடுமை போன்ற விவரங்கள் சொன்னதைவிட மரபணுக் குறிப்புகள் பெரிதாய் எதையும் கூட்டவில்லை.

இதில் வியப்பில்லை. வகுப்பில் முப்பது மாணவரிடம் நூறு அடையாளங்களைத் தேடிப் பாருங்கள்; பிறந்த கிழமைக்கும் கணித மதிப்பெண்ணுக்கும்கூட ஏதோ உறவு தற்செயலாய்த் தென்படும். இலட்சக்கணக்கான மரபணு இடங்களில் தேடுவோர்க்கு இந்தத் தொல்லை பன்மடங்கு.

ஆகவே பாட்டிக்கு நான் சொல்ல முடிந்தது சிறிதே. இம்மருந்து பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும். மருத்துவர் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, சில மாதங்களில் போதவில்லையெனில் வேறு மருந்தைச் சேர்ப்பார். தாமாக நிறுத்திவிடக் கூடாது. வாரம் ஒருமுறைதான் உண்கிறாரா என்றும் கேட்டேன், நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால். "திங்கக்கெழம மட்டும்தான்" என்றார். பேத்திதான் நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்கிறாளாம்.