படிந்த இடமே பண்பு: வூட்ஸ் எஃகில் வீழ்படிவும் நுண்ணமைப்பும்

தென்னிந்தியாவின் மூசை எஃகான வூட்ஸ் பற்றிய எழுத்துகள் பல அதன் கார்பன் அளவைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. ஏறத்தாழ 1.5 விழுக்காடு என்னும் அந்த எண் சரியானதே. ஆனால் அதைக் கொண்டு மட்டும் எஃகின் பண்பை விளக்க இயலாது. திண்மக் கரைசலிலிருந்து கார்பன் எங்கே, எவ்வடிவில் வீழ்படிவாகப் பிரிந்தது என்பதே பண்பைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1,050 செல்சியசில் இந்தக் கார்பன் முழுவதும் ஆஸ்டெனைட் என்னும் உயர்வெப்பத் திண்மக் கரைசலில் கரைந்திருக்கும். வெப்பம் தணியத் தணியக் கரைதிறன் சுருங்கும்; 727 செல்சியசில் ஆஸ்டெனைட் தாங்குவது ஏறத்தாழ 0.8 விழுக்காடுதான். மிஞ்சியது சிமென்டைட் என்னும் இரும்புக் கார்பைடாக வெளியேறியாக வேண்டும். சிமென்டைட்டில் கார்பன் 6.67 விழுக்காடு என்பதால், கட்டங்களின் பங்கைக் கணக்கிடும் நெம்புகோல் விதிப்படி எஃகின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இவ்வாறு பிரிகிறது. வேதி இயைபு இந்த அளவை வரையறுக்கும், இடத்தை வரையறுக்காது.

மெதுவாகக் குளிரும்போது வீழ்படிவு முதலில் படிகமணிகளின் எல்லைகளில் தோன்றும். அங்கே அணு ஒழுங்கு குலைந்திருப்பதால் புதிய கரு உருவாவது எளிது. அக்கருக்கள் வளர்ந்து இணைந்து மணிகளை வலைபோல் சூழும். சிமென்டைட் நொறுங்கும் தன்மையது. விரிசல் அவ்வலை வழியே தங்குதடையின்றி ஓடும். மணிகளுக்குள் தகடுகளாகப் படியும் விட்மான்ஷ்டாட்டன் அமைப்பும் இந்தக் குறையிலிருந்து தப்புவதில்லை. அதே எட்டில் ஒரு பங்கு உருண்டைத் துகள்களாகச் சிதறிக் கிடந்தால், விரிசலுக்குத் தொடர்பாதை கிடைக்காது. வெட்டுவிளிம்பும் தேய்வைத் தாங்கும். கார்பைடு முழுவதும் கரைந்துவிடாத சூட்டில் திரும்பத் திரும்ப அடித்தே கொல்லர்கள் வலையைத் துகள்களாக்கினர்.

1819இல் வூட்ஸைப் பகுப்பாய்வு செய்த மைக்கேல் பாரடே, இயைபிலேயே விடை தேடி, அதன் சிறப்புக்குச் சிறிதளவு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று கருதினார். பிறகு கத்தி வினைஞர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றை எஃகில் கலந்து பார்த்தார். கலப்பெஃகு ஆய்வுக்கு அது வழிதிறந்தது. ஆனால் வூட்ஸின் புதிர் அதனால் அவிழவில்லை.

இடமே பண்பு என்னும் வாதத்துக்கு மறுப்பாக வனேடியத்தைச் சுட்டலாம். 0.01 விழுக்காட்டுக்கும் குறைவான வனேடியம் கூட வூட்ஸ் வாளின் பரப்பில் தெரியும் அலைக்கோலத்துக்குப் போதும் என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் 1990களில் காட்டினர். இது இயைபின் வெற்றியல்லவா? அல்ல. கட்டி உறையும்போது வனேடியம் கிளைப்படிகங்களின் இடைவெளிகளில் ஒதுங்குகிறது; அடிக்கும்போது அப்பகுதிகள் தட்டையான அடுக்குகளாகின்றன; அடுத்தடுத்த சூடேற்றங்களில் கார்பைடுத் துகள்கள் அவ்வடுக்குகளிலேயே நிலைத்து வளர்கின்றன. வனேடியத்தின் பங்கு, வீழ்படிவுக்கு இடம் காட்டுவதே.

ஆகவே, தமிழகத்தின் கொடுமணல் போன்ற தொல்லியல் களங்களில் கிடைக்கும் இரும்புப் பொருள்களுக்குக் கார்பன் விழுக்காட்டை மட்டும் அறிக்கையிடுவது போதாது. மெருகேற்றி அமிலத்தால் அரித்த பரப்பின் நுண்நோக்கிப் படமும் உடன் வர வேண்டும். அப்படம் இல்லாமல் ஒரு துண்டை ‘உயர்தர எஃகு’ என்று பெயரிடுவது பாதி ஆய்வே.