வில்லங்கம் உள்ள வம்சாவளி

பி.காம் படிக்கிறவனுக்கு ஸ்காட்லாந்துப் பிரபுக்களோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை இருக்கிறது! வீடோ மனையோ வாங்குகிறவர்கள் முதலில் மூலப்பத்திரத்தைப் பார்ப்பார்கள், பிறகு வில்லங்கம் பார்ப்பார்கள். விற்கிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பத்திரத்தில் ஓட்டை இருந்தால் அவர் பேச்சு எடுபடாது. ஒரு நாட்டின் சிம்மாசனத்துக்கு அடுத்த வாரிசாக இருந்த ஒருவரின் பிறப்பிலேயே இப்படி ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த ஓட்டையை வைத்தே மற்றவர்கள் அவரை மிரட்டினார்கள். அவர் பெயர் ஜேம்ஸ் ஹாமில்டன், ஆரன் பட்டத்தின் இரண்டாவது பிரபு.

கொடிவழியை மேலிருந்து பார்ப்போம். ஒரு எச்சரிக்கை: இந்தக் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை எல்லோருக்கும் ஜேம்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குழப்பம் வராமல் இருக்க நான் தாத்தா, அப்பா, மகன் என்றே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு மேரி என்று ஒரு மகள். அவர் 1474-இல் ஹாமில்டன் பிரபுவை (இவர்தான் தாத்தா) மணந்தார். மேரிக்கு அது இரண்டாவது திருமணம். இவர்களுக்கு ஜேம்ஸ் என்று ஒரு மகன், எலிசபெத் என்று ஒரு மகள். அந்த மகன்தான் நம் கதையில் வரும் அப்பா. 1503-இல் அவருக்கு ஆரன் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. மகள் எலிசபெத் லென்னாக்ஸ் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். ஆக, அரச ரத்தம் இரண்டு குடும்பங்களில் கலந்தது. மூத்த உரிமை ஹாமில்டனுக்கு, அடுத்தது லென்னாக்ஸுக்கு. அரச குடும்பத்தின் மற்ற கிளைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகப் போக இந்த இரண்டு குடும்பங்களின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

இப்போது வில்லங்கத்துக்கு வருவோம். அப்பா முதலில் எலிசபெத் ஹோம் என்ற பெண்ணை மணந்திருந்தார். அவர் தாமஸ் ஹே என்பவரின் விதவை என்று சொல்லப்பட்டவர். பிள்ளைகள் இல்லை. 1504-இல் திருச்சபை நீதிமன்றம் அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. காரணம்? இந்தக் கல்யாணம் நடந்தபோது முதல் கணவர் ஹே உயிரோடு இருந்தாராம்! 1510-இல் இதே தீர்ப்பு மறுபடியும் வழங்கப்பட்டது. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை தீர்ப்பு வாங்கினால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள்.

வாரிசுக் கவலை அப்பாவை எவ்வளவு வாட்டியது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த தன் மகனுக்கு 1513-இல் சட்டப்படியான அந்தஸ்து வாங்கித் தந்தார். பிறகு 1516-இல் ஜேனட் பீட்டனை மணந்தார். அந்தத் திருமணத்தில் 1519 வாக்கில் பிறந்தவர்தான் நம் கதாநாயகர், அதாவது மகன்.

கணக்கு எளிது. 1504, 1510 தீர்ப்புகள் சரி என்றால் மகன் முறையான வாரிசு. தவறு என்றால் அப்பாவின் இரண்டாவது கல்யாணம் செல்லாது, மகனுக்குப் பட்டமும் இல்லை, அரசுரிமையும் இல்லை. எல்லாம் அத்தை வீட்டுக்கு, லென்னாக்ஸ் பக்கம் போய்விடும். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏற்கெனவே ரத்தமும் சிந்தியிருந்தது. 1526-இல் லின்லித்கோ பாலத்தில் நடந்த சண்டையில் ஹாமில்டன்கள் இருந்த அணிக்கு எதிராகப் படை திரட்டி வந்து லென்னாக்ஸ் பிரபு ஜான் கொல்லப்பட்டார். அவர் அப்பாவுக்குச் சொந்தத் தங்கை பிள்ளை! நம் முறைப்படி அத்தை வழியினர் பங்காளி ஆகமாட்டார்கள்தான், ஆனால் நடந்தது அசல் பங்காளிச் சண்டை.

1542 டிசம்பர் 14. மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்தார். அவருடைய ஒரே முறையான வாரிசு மேரி, பிறந்து ஆறே நாள் ஆன பெண் குழந்தை. (முதலில் சொன்ன மேரி வேறு, இவர் பின்னாளில் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து ராணி மேரி.) அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த ஆள் நம் ஹாமில்டன்! அந்த உரிமையில்தான் ராணிக்குப் பதிலாக நாட்டை ஆளும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 1543 மார்ச்சில் பாராளுமன்றமும் அதை உறுதி செய்தது.

முதலில் அவர் இங்கிலாந்து பக்கம் சாய்ந்தார். புராட்டஸ்டண்ட் பிரசங்கிகளை ஆதரித்தார், கார்டினல் டேவிட் பீட்டனைக் காவலில் வைத்தார். 1543 ஜூலையில் கிரீன்விச் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி குழந்தை மேரி, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மகன் எட்வர்டை மணக்க வேண்டும். ஹாமில்டனின் மகனுக்குத் தன் மகள் எலிசபெத்தையே தருவதாகவும் ஹென்றி ஆசை காட்டினார். பின்னாளில் முதலாம் எலிசபெத் ராணி ஆனவர்தான் அவர்!

ஆனால் எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? கொல்லப்பட்ட ஜானின் மகன் மேத்யூ, அப்போதைய லென்னாக்ஸ் பிரபு, பிரான்ஸில் இருந்தார். அவர் அதே 1543-இல் நாடு திரும்பினார். ஹாமில்டனின் பிறப்பு முறையானதல்ல என்றால் அடுத்த வாரிசு தானே என்பது அவர் வாதம். இன்னொரு பக்கம் ஹாமில்டனின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரரும் பெய்ஸ்லி மடாதிபதியுமான ஜான், அவர் காதில் ஓதினார் என்பார்கள்: "உன் அப்பாவின் முதல் கல்யாணத்தை ரத்து செய்தது திருச்சபை. அந்தத் திருச்சபையின் அதிகாரத்தையே நீ மறுத்தால் உன் பிறப்பு என்ன ஆகும்?" இதுதான் வாதத்தின் சாரம். உட்கார்ந்திருக்கிற கிளையைத் தானே வெட்டுவது போல!

1543 செப்டம்பரில் ஹாமில்டன் அப்படியே திரும்பினார். கார்டினலோடு சமாதானம் செய்துகொண்டு, ஸ்டர்லிங்கில் பிராயச்சித்தம் செய்து, கத்தோலிக்கத் திருச்சபைக்குள் திரும்பினார். டிசம்பரில் பாராளுமன்றம் கிரீன்விச் உடன்படிக்கையை நிராகரித்தது. இதற்கு விலை கொடுத்தது யார்? சாதாரண ஜனங்கள். 1544 மே மாதம் ஹென்றியின் படை எடின்பரோவை எரித்தது. 1547-இல் பிங்கி போரில் ஆயிரக்கணக்கான ஸ்காட்லாந்துக்காரர்கள் மடிந்தார்கள். ஹாமில்டன் பயந்தது பத்திரத்தில் இருந்த ஓட்டைக்கு மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பிரான்ஸின் செல்வாக்கு, பணம், அவருடைய ஊசலாடும் குணம் எல்லாமே சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது. ஆனால் அந்த ஓட்டை எதிரிகள் கையில் எப்போதும் ஒரு சாவியாக இருந்தது.

பிறகு 1548-இல் குழந்தை ராணி பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். அதற்குக் கைமாறாக ஹாமில்டனுக்கு பிரான்ஸில் ஷாட்டல்ரோ என்ற ட்யூக் பட்டம் கிடைத்தது. 1554-இல் ராணியின் தாயார் மேரி ஆஃப் கீஸிடம் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்தார்.

லென்னாக்ஸ் என்ன ஆனார்? வழக்குப் போட்டு ஜெயிக்கவில்லை, சம்பந்தம் செய்து ஜெயித்தார். இங்கிலாந்துக்குப் போய், 1544-இல் எட்டாம் ஹென்றியின் அக்கா மகள் மார்கரெட் டக்ளஸை மணந்தார். அவர்கள் மகன் டார்ன்லி 1565-இல் ராணி மேரியை மணந்தார். 1566 ஜூனில் ஆண் குழந்தை பிறந்தது. இருபத்து மூன்றரை வருஷம் அடுத்த வாரிசாகக் காத்திருந்த ஹாமில்டன் அன்று ஒரு படி கீழே இறங்கினார். அந்தக் குழந்தைதான் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ், 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானவர்.

பகை மட்டும் தீரவில்லை. 1571-இல், அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த லென்னாக்ஸ், ஸ்டர்லிங்கில் நடந்த திடீர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அதே ஊரில் மடாதிபதி ஜான் (அப்போது பேராயர்) தூக்கிலிடப்பட்டார். ஹாமில்டன் 1575-இல் இறந்தார்.

எனக்கு இதில் வியப்பாக இருப்பது ஒன்றுதான். அந்தப் பழைய தீர்ப்பு சரியா தவறா என்று இறுதியாக முடிவு கட்டும் நாள் கடைசி வரை வரவே இல்லை. குழந்தை ராணி பிழைத்துக்கொண்டார், பிள்ளையும் பெற்றார். சிம்மாசனம் காலியாகவே இல்லை, அதனால் கேள்வியும் எழவில்லை. ஆனாலும் எழாத அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு மனிதர் ஆட்சி செய்தார்.

நீதிமன்றத்துக்குப் போன வில்லங்கமாவது ஒருநாள் தீரும். போகாத வில்லங்கம்தான் தலைமுறை தலைமுறையாகத் தூக்கத்தைக் கெடுக்கும். ஹாமில்டன் குடும்பம் மட்டும் அழியவில்லை. 1643-இல் ட்யூக் பட்டம் பெற்றது, 1651-இல் அந்தப் பட்டம் ஆன் என்ற பெண்ணுக்குப் போனது. அவர் கணவர் டக்ளஸ் குடும்பத்தவர், அதனால் இன்றைய ஹாமில்டன் ட்யூக்குகளின் குடும்பப் பெயர் டக்ளஸ்-ஹாமில்டன். பெண் வழியில் வந்த அரச ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு உயர்ந்த குடும்பத்தின் பெயரைக் கடைசியில் காப்பாற்றியதும் ஒரு பெண்தான்!