உண்ணிச்செடி: தோட்ட அழகிலிருந்து காட்டுக் களை வரை

முன்னுரை

லண்டானா கமாரா என்னும் தாவரவியல் பெயருடைய உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அழகுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவரப்பட்ட இப்புதரை ஒழிக்க இந்தியாவில் நூறாண்டுகளாக முயற்சிகள் நடந்துள்ளன. செடியின் இயல்பை முழுமையாக அறியாமையே அவை நிலைத்த பயன் தராமைக்கு முக்கியக் காரணம் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

வருகையும் கலப்பும்

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த இச்செடியிலிருந்து தோட்டக்காரர்கள் பல வண்ணக் கலப்பு வகைகளை உருவாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கல்கத்தாத் தாவரவியல் பூங்காவிற்கு வந்தது. பின்னர் வேலிகளைக் கடந்து நீலகிரி உள்ளிட்ட மலைக்காடுகளில் பரவியது. எனவே இன்றைய களையை லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட ஒற்றை இனமாகக் கொள்வது பொருந்தாது. அது கலப்பு வகைகளின் தொகுதியாகும்.

அடையாளம்

நாற்கோணத் தண்டு, வளைந்த முட்கள், எதிரெதிரே அமைந்த சொரசொரப்பான இலைகள், இலையைக் கசக்கினால் எழும் நெடி ஆகியன இதன் அடையாளங்கள். பல வகைகளில் மஞ்சளாக மலரும் பூ முதிரும்போது நிறம் மாறுவதால் ஒரே கொத்தில் இரு நிறங்கள் தோன்றும். கரிய கனிகளை உண்ணும் பறவைகள் விதைகளைப் பரப்புகின்றன. இலையின் நச்சு கால்நடைகளின் கல்லீரலைத் தாக்கும்.

கட்டுப்பாட்டு முயற்சிகள்

உண்ணியைத் தாக்கும் பூச்சிகள் குறித்து ராமச்சந்திர ராவ் மேற்கொண்ட விரிவான ஆய்வு 1920இல் வெளியானது. அடுத்த ஆண்டே ஹவாயிலிருந்து கனியைத் துளைக்கும் ஈ தருவிக்கப்பட்டது. அது நிலைபெற்றும் செடியின் பரவலைத் தடுக்கவில்லை. 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இலைப்பூச்சி தேக்கையும் தாக்கும் என்ற அச்சத்தால் கைவிடப்பட்டது. எனினும் அது தப்பிப் பரவியது, களையோ குறையவில்லை. ஒரு வகையைத் தாக்கும் பூச்சி பிறிதொரு வகையை அதே அளவில் தாக்காமை இதற்கு ஒரு காரணமாகும்.

வெட்டுதலும் எரித்தலும் பயனளிக்கவில்லை. வேரின் கழுத்துப் பகுதியிலிருந்து செடி மீண்டும் தழைக்கிறது. இவ்வியல்பை உணர்ந்து டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் குழுவினரும் மண்ணுக்குக் கீழே முதன்மை வேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்க்கும் முறையைப் பரிந்துரைத்தனர். பறவைகள் அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுகளை அகற்றுதலும், வெற்றிடத்தில் நாட்டுப் புற்களை வளர்த்தலும் இம்முறையின் இன்றியமையாத கூறுகள்.

முடிவுரை

2020இல் வெளியான ஆய்வொன்று, இந்தியப் புலி வாழிடப் பரப்பில் 40 விழுக்காட்டிற்கும் மேல் உண்ணி ஊடுருவியுள்ளதாகக் கணித்தது. புல்லை இழக்கும் மானும் யானையும் மட்டுமன்றி, காட்டை நம்பி வாழும் பழங்குடியினரும் இதனால் பாதிக்கப்படுகின்றனர். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் உண்ணித் தண்டுகளால் செய்த யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் வைக்கப்பட்டன. களை அகற்றல் வாழ்வாதாரமாகவும் அமையலாம் என்பதற்கு இது சான்று. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வகுத்தது. வெட்டிய பரப்பை மட்டும் கணக்கிடாமல், மறுமுளைப்பைத் தொடர்ந்து கண்காணித்து நாட்டுத் தாவரங்களை நிலைபெறச் செய்வதே அக்கொள்கையின் வெற்றியை உறுதிசெய்யும்.