ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஐபி முகவரியை மாற்ற ஏன் விடுவதில்லை?

தெற்கு டெல்லியின் லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றும் இங்கே இருப்பதால் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான இடம். இங்கிருந்து அரசு அலுவலகத்துக்குப் போகும் ஒருவர், தன் கம்ப்யூட்டரில் ஐபி முகவரியை மாற்றப் போனால் அது பெரும்பாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். தனியார் ஆபீஸில் உங்களுக்கும் இதே அனுபவம் இருக்கலாம். 'என் கம்ப்யூட்டர்ல நான் மாத்தக் கூடாதா?' என்று எரிச்சல் வரும். ஆனால் அந்தப் பூட்டு உங்களையும் காப்பாற்றுகிறது.

மாற்றினால் என்ன ஆகும்?

ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் உங்கள் கம்ப்யூட்டரின் கதவு எண். பல ஆபீஸ்களில் டிஹெச்சிபி என்ற சேவை இதைத் தானாகக் கொடுக்கும். சில இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நிரந்தர எண்ணைப் பதிந்து வைப்பார்கள்.

'மேனேஜர் சிஸ்டத்துல யூடியூப் வருது, அந்த நம்பரைப் போட்டா நமக்கும் வரும்' என்று ஒருவர் முயன்றால், ஒரே எண்ணில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து, இரண்டிலும் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோகலாம். தவறுதலாக ரவுட்டரின் எண்ணைப் போட்டுவிட்டால், அந்தத் தளம் முழுக்க நெட் நின்றுவிடக்கூடும்.

பெயர் மாறினால்?

இதைவிடப் பெரிய சிக்கல், பதிவேடு. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பிரச்சினை வந்தால் அந்தப் பதிவில் முதலில் தேடுவது ஐபி முகவரியைத்தான். உங்கள் எண்ணை வேறொருவர் பயன்படுத்தியிருந்தால், கேள்வி உங்களிடம்தான் வரும்.

2007-ல் ஆர்குட்டில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தும் பதிவு போட்டதாக, பெங்களூரு ஐடி ஊழியர் ஒருவரை புனே போலீஸார் கைது செய்தார்கள். ஐபி முகவரிக்கான சந்தாதாரர் விவரம் தவறாகத் தரப்பட்டதே காரணம். அவர் 50 நாட்கள் சிறையில் இருந்தார். அங்கே யாரும் எண்ணை மாற்றவில்லை, பதிவுதான் தவறு. ஆனாலும் ஓர் எண் தப்பான ஆளைக் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

எப்படித் தடுக்கிறார்கள்?

1. சாதாரண யூசர் கணக்கு: விண்டோஸில் அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்கால் ஐபியை மாற்ற முடியாது. அரசு ஊழியர்களுக்காக 2022 ஜூனில் வெளியான தேசிய தகவலியல் மைய வழிகாட்டுதலும், தினசரி வேலைக்கு இத்தகைய கணக்கையே பயன்படுத்தச் சொல்கிறது.

2. குரூப் பாலிசி: நெட்வொர்க் இணைப்பின் ப்ராப்பர்டீஸைத் திறக்கவிடாமல் செய்யலாம். ஆனால் இது திரை போட்டு மறைப்பது மாதிரி. அட்மின் உரிமை உள்ளவர் விலக்கிவிடுவார்.

3. ஸ்விட்ச்சில் பூட்டு: டிஹெச்சிபி ஸ்னூப்பிங், ஐபி சோர்ஸ் கார்டு போன்ற வசதிகளை இயக்கினால், எந்த போர்ட்டில் எந்த எண் வரலாம் என்பதை ஸ்விட்ச்சே சரிபார்க்கும். சொந்த லேப்டாப்பைச் செருகி வேறு எண் போட்டாலும் தரவு நகராது.

முதலாவது இல்லாமல் இரண்டாவது பயனில்லை. மூன்றாவதுதான் உறுதியான பூட்டு.

நீங்கள் செய்ய வேண்டியது

ஐபி மோதல் என்று எச்சரிக்கை வந்தால், எண்ணை மாற்றிப் பார்க்காமல் நேரத்தைக் குறித்துக்கொண்டு ஐடி பிரிவுக்கு டிக்கெட் போடுங்கள். லேப்டாப்பில் நிரந்தர எண் பதிந்திருந்து வீட்டு வைஃபையில் நெட் வரவில்லையா? டிஹெச்சிபி ரிசர்வேஷன் கேளுங்கள். ஆபீஸில் அதே எண் கிடைக்கும், வீட்டில் தானாக மாறிக்கொள்ளும். உங்கள் எண்ணை ஐடி பிரிவு மாற்றினால், தேதியோடு ஒரு மெயில் வாங்கி வையுங்கள். நாளை யாராவது கேள்வி கேட்டால் அந்த மெயில் கைகொடுக்கும்.