1906: ஓராண்டில் இரு செய்திகள்

மருத்துவ வரலாற்றில் 1906ஆம் ஆண்டு கூர்ந்து நோக்கத்தக்கது. அவ்வாண்டில் ஜெர்மனியில் இரு செய்திகள் வெளியாயின. அவற்றுள் ஒன்று விரைவிலேயே உலகெங்கும் பரவியது. மற்றொன்று கேட்பாரின்றிப் போயிற்று. முதியோரின் மறதிநோயை இரத்தத்தின் வழியாகக் கண்டறியும் இன்றைய முயற்சியைப் புரிந்துகொள்ள இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பது நலம்.

முதற்செய்தி பெர்லினிலிருந்து வந்தது. ஆகஸ்ட் வான் வாசர்மன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் சிபிலிஸ் எனப்படும் மேகநோய்க்கு ஓர் இரத்தப் பரிசோதனையைக் கண்டறிந்து அறிவித்தனர். அந்நாளைய ஐரோப்பிய மனநோய் மருத்துவமனைகளில் ஒருவகை நோயாளர் பெருந்தொகையினராய் இருந்தனர். நினைவு குன்றி, அறிவு சிதைந்து, கைகால்கள் செயலிழந்து, சில ஆண்டுகளில் அவர்கள் இறந்தனர். அவர்களது நோய்க்கும் மேகநோய்க்கும் தொடர்பு உண்டென்ற ஐயத்தைப் புதிய சோதனை வலுப்படுத்தியது. 1913ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹிடேயோ நொகுச்சி அவர்களது மூளையிலேயே மேகநோய்க் கிருமியைக் கண்டு ஐயத்தைத் தீர்த்தார். அறிவுச் சிதைவின் காரணத்தை இரத்தத்தில் தேடிய முன்னோடிச் சோதனை என வாசர்மன் சோதனையைக் கூறலாம்.

ஆனால் காரணம் தெரிந்ததால் நோய் தீர்ந்துவிடவில்லை. 1917ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த வாக்னர் யாரெக், மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே வரவழைத்து இந்நோயை அடக்க முயன்றார். அதற்காக 1927ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். மேகநோய்க்கு உண்மையான மருந்தாகப் பெனிசிலின் பயன்படத் தொடங்கியது 1943ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் சோதனை பெருகியது. மலேரியா, தொழுநோய் போன்றவற்றால் துன்புற்ற சிலருக்கும் அது மேகநோய் இருப்பதாகத் தவறாகக் காட்டியது. குற்றமற்றோர் பலர் வீண்பழி சுமந்தனர். அறிவு முந்திக்கொள்ள, மருந்து பிந்தி வந்த இந்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை நாம் நினைவில் இருத்துவது நல்லது.

இரண்டாம் செய்தி டியூபிங்கன் நகரில் 1906 நவம்பர் 3ஆம் நாள் நடந்த மனநோய் மருத்துவர் கூட்டத்தில் வெளிப்பட்டது. அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் ஒரு பெண்மணியின் வரலாற்றை எடுத்துரைத்தார். இரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவியாகிய ஆகஸ்டெ, 1901ஆம் ஆண்டில் தமது ஐம்பத்தோராம் வயதில் ஃபிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். தம் பெயரைச் சொன்ன அவர், கணவரின் பெயரைக் கேட்டபோதும் தம் பெயரையே சொன்னார். காலிபிளவரும் இறைச்சியும் உண்டுகொண்டே, உண்பது கீரை என்றார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபின் அல்சைமர் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உயிரணுக்களுக்குள் முறுக்குண்ட இழைகளையும் வெளியே படிந்திருந்த இனந்தெரியாப் பொருளையும் கண்டார். கூட்டத்தினர் இதுபற்றி வினா எதுவும் எழுப்பவில்லை.

1910ஆம் ஆண்டில் எமில் கிரேபெலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். எனினும் இது நடுவயதில் வரும் அரிய நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. முதியவர் மறந்தால், ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கமாயிற்று. 1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள், மறதியுற்று இறந்த முதியோர் பலரின் மூளைகளிலும் அதே மாற்றங்கள் இருப்பதைக் காட்டிய பிறகே இது முதுமையின் இயல்பன்று, ஒரு நோய் என்னும் தெளிவு பிறந்தது. மூளையில் படிந்த பொருள் அமிலாய்டு என்னும் புரதம் என்பது 1984ஆம் ஆண்டிலும், இழைகளில் உள்ளது டௌ என்னும் புரதம் என்பது 1986ஆம் ஆண்டிலும் புலனாயின.

ஆயினும் உயிரோடிருப்பவரிடம் இவற்றைக் காண்பது எங்ஙனம்? முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீரெடுத்துச் சோதிக்கும் முறை 1990களில் வளர்ந்தது. மூளையிலுள்ள அமிலாய்டைப் படம்பிடித்துக் காட்டும் கருவிமுறை 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. முன்னதில் நோயாளருக்கு வலி; பின்னதில் குடும்பத்திற்குப் பெருஞ்செலவு. எனவே அறிஞர் பார்வை இரத்தத்தின்பால் திரும்பியது. ஆனால் மூளைக்கும் இரத்தத்திற்கும் இடையே இயற்கை அமைத்த காப்புத்திரை உண்டு. அதைக் கடந்து வரும் புரதத்தின் அளவோ மிகமிகச் சிறிது. ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுகோலால் அதனை அளக்க வேண்டும்.

2018ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள், நோபெல் பரிசு பெற்ற கோயிச்சி தனகாவின் துணையோடு, இரத்தத்திலுள்ள அமிலாய்டை நுட்பமாக அளந்து காட்டினர். 2020ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான ஆய்வொன்று, டௌ புரதத்தின் பி-டௌ 217 என்னும் வடிவம் இன்னும் சிறந்த அடையாளம் என நிறுவியது. கொலம்பியா நாட்டில் தலைமுறை தலைமுறையாக இந்நோயைச் சுமந்துவரும் குடும்பங்களும் அதில் பங்கேற்றன. நோய்க்கூறு உடையோரிடம், அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்பே அப்புரதம் மிகுவது தெரிந்தது. 2024ஆம் ஆண்டில் ஸ்வீடனில் 1,213 பேரிடம் நடந்த ஆய்வில் இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ 90 விழுக்காடு சரியாக இருந்தது; பொதுமருத்துவர் கணிப்போ 61 விழுக்காடும், வல்லுநர் கணிப்பு 73 விழுக்காடுமே சரியாயின. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு இத்தகைய சோதனை ஒன்றுக்கு முதன்முறையாக ஒப்புதல் வழங்கியது.

இதனால் மறதியுள்ள அனைவரும் இச்சோதனைக்கு விரைய வேண்டும் என்பதில்லை. அவ்வொப்புதல் 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, அறிகுறியும் உடையோருக்கே உரியது. சிலருக்கு முடிவு இரண்டுங்கெட்டானாக அமையும். சிறுநீரகக் கோளாறு அளவை உயர்த்திக் காட்டக்கூடும். அமிலாய்டு படிந்தும் தெளிவோடு வாழ்ந்து மறைவோர் உண்டு. புதிய மருந்துகள் நோயின் நடையை ஓரளவு தாமதப்படுத்துகின்றன, குணமாக்குவதில்லை, மூளை வீக்கம், இரத்தக்கசிவு ஆகிய இடர்களும் அவற்றில் உள்ளன. மேலும் பி12 உயிர்ச்சத்துக் குறைவும், தைராய்டு குறைபாடும், ஆழ்ந்த மனச்சோர்வும் மறதியை உண்டாக்கும். இவை மருந்தால் சீர்ப்படக்கூடியவை. ஆதலால் இவற்றை முதலில் சோதித்தறிவதே முறை.

வாசர்மன் காலத்தின் பாடம் இங்கே நமக்கு உதவும். சோதனையின் விடை நோயாளருக்குரியது. அவர் தெளிவோடு இருக்கும்போதே, தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று அவரிடமே கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் பிள்ளைகள் மட்டும் அறிந்து மறைப்பது அவரது உரிமையைப் பறிப்பதாகும். தெரிந்துகொண்டவர் தம் உடைமைகளைப் பற்றியும் தமக்குரிய பராமரிப்பைப் பற்றியும் தாமே முடிவு செய்ய இயலும். உறவினரும் அவரது தடுமாற்றத்தைப் பிடிவாதம் என்று எண்ணிச் சினவாமல் நோய் என்று உணர்ந்து பொறுப்பர். இப்பயன்கள் மருந்துக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல.

ஆகஸ்டெ அம்மையாரின் மருத்துவக் கோப்பு பல்லாண்டுகள் காணாமற்போய், 1995ஆம் ஆண்டில் ஃபிராங்க்பர்ட்டில் மீண்டும் கிடைத்தது. அல்சைமர் கேட்ட கேள்விகளும் அவர் தந்த விடைகளும் அதில் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டுள்ளன. மருந்தும் சோதனையும் இல்லாத அக்காலத்தில், அம்மருத்துவர் அருகிலமர்ந்து பொறுமையோடு கேட்டு எழுதியதால்தான் அந்நோயாளர் சொன்னவை இன்று நமக்குக் கிட்டுகின்றன. ஒரு துளி இரத்தம் பல செய்திகளைச் சொல்லும் காலம் வந்துவிட்டது. அருகிலமர்ந்து கேட்கும் அப்பணி மட்டும் இன்னும் நம்மிடமே விடப்பட்டுள்ளது.