எடை தூக்க அஞ்சும் கை: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டோரின் உடலியக்கமும் உளத்தடைகளும்

உடற்பயிற்சியின் பயனை எடுத்துச் சொன்னால் போதும், நோயிலிருந்து மீண்டவர் நடக்கத் தொடங்கிவிடுவார் என்ற எண்ணம் நம் சிகிச்சை முறையில் வேரூன்றியிருக்கிறது. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. அங்கே அறியாமையைவிடப் பெரிய தடை அச்சம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பயனில் ஐயமில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு 2019இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் மிதமான பயிற்சி செய்தால் அசதி, பதற்றம், மனச்சோர்வு மூன்றும் குறையும். ஆனால் அசதி ‘ஓய்வெடு’ என்கிறது. அந்தக் குரலை உடலின் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்பவர் படுக்கிறார்; படுக்கப் படுக்க வலு குறைந்து அசதி கூடுகிறது.

அடுத்தது கை வீங்கிவிடுமோ என்ற அச்சம். அக்குள் நிணநீர்க்கணுக்களை அகற்றிய பெண்ணுக்கு ‘அந்தக் கையில் ஊசி வேண்டாம், வெயிட் தூக்காதீங்க’ என்ற அறிவுரை ஆயுள் தடையாகவே பதிந்துவிடுகிறது. தண்ணீர்க் கேனை நகர்த்தவும், கொடியில் ஈரத்துணியை வீசிப் போடவும் கை தயங்குகிறது. ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்கள் பங்கேற்றனர். மேற்பார்வையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது திடீரெனத் தீவிரமாவதும் குறைந்தது. ஆக, தேவைப்படுவது தடையல்ல, அளவறிந்த பயிற்சி.

மார்பை இழந்த உடலோடு தெருவில் நடக்கும் கூச்சமும், ‘நீ சும்மா உட்காரும்மா’ என்ற வீட்டாரின் அன்பும் சேர்ந்தே இயக்கத்தைச் சுருக்குகின்றன. வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசாத ஆலோசனை பாதி வழியிலேயே நின்றுவிடும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாடு இங்கு வழிகாட்டும். ‘என்னால் முடியும்’ என்ற உறுதி நான்கு வழிகளில் பிறக்கிறது: தானே செய்து காண்பது, தன்னைப் போன்றவர் செய்யக் காண்பது, நம்பத்தக்கவர் சொல், உடலின் குறிகளைச் சரியாகப் படிப்பது. அறிவுரைத் தாள் இவற்றில் மூன்றாவதை மட்டுமே, அதுவும் அரைகுறையாகவே, தருகிறது.

மறைமலை நகர் போன்ற தொழில் நகரத்துப் பெண் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கோ சென்று சிகிச்சை பெறலாம். ஆனால் அச்சத்தோடு அவர் வாழ்வது ஷிப்டு நேரத்துக்கு ஏற்ப இயங்கும் தன் வீட்டில்தான். எனவே துணையும் அங்கேயே கிடைக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டோரையும் அவர்களின் பட்டியலில் சேர்த்து, முதல் எடையை இயன்முறை மருத்துவரின் கண்முன்னே தூக்கவைக்க வேண்டும். முன்பே மீண்ட ஒரு பெண்ணை நடைத்துணையாக இணைக்க வேண்டும். அச்சத்தைக் கேட்டறியாமல் எழுதப்படும் உடற்பயிற்சிப் பரிந்துரை முழுமையான சிகிச்சை ஆகாது.